சுரங்கத்துக்கு மேலே ஒரு சங்கம்

சென்னை இராயப்பேட்டையில் புதன்கிழமைதோறும் அச்சாகிவந்த ஒரு பத்திரிகை, ரயிலேறி ஜோலார்பேட்டை தாண்டி, பௌரிங்பேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம் வந்து இறங்கும். நான்கு பக்கம், விலை ஒரு பைசா. 1907 ஜூன் 19ஆம் தேதி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் முதல் இதழ் வந்தது. அடுத்த ஆண்டு பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. நடத்தியவர் க.அயோத்திதாசப் பண்டிதர் என்ற சித்த வைத்தியர். மாரிகுப்பம் அந்த ரயில் பாதையின் கடைசி நிலையம். அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால் பூமிக்குள்தான் போக வேண்டும்.

பத்திரிகைக்காகக் காத்திருந்தவர்கள் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள். வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பதுதான் அன்றைய வாசிப்பு. ‘தமிழன்’ தொடங்கிய அதே 1907ல் மாரிகுப்பத்தில், பண்டிதர் நிறுவிய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளையும் தொடங்கியது. எம்.ஒய்.முருகேசர், இ.குருசாமி, ஏ.பி.பெரியசாமிப் புலவர் ஆகியோர் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள். ஊர்ச் சாவடியில் உட்கார இடம் மறுக்கப்பட்ட மனிதர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு, சந்தா கட்டி, கணக்கு எழுதி, வாரந்தோறும் கூடிப் பேசினார்கள். தமிழ்ச் சமூக வரலாற்றில் இது பெரிய நிகழ்ச்சி. அதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

டெக்சாஸ் மாநிலத்து இர்விங் நகரில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ நூறு மைலில், கோலாரைப் போலவே நிலத்தடியால் வாழ்ந்து நிலத்தடியால் அழிந்த ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மாரிகுப்பத்துச் சங்கம் எதைச் சாதித்தது என்பதன் அளவு எனக்குப் புரிந்தது.

தாது வருடத்துக்குப் பின்

கோலார் மண்ணில் பொன் இருப்பது வெகுகாலமாகத் தெரிந்த சேதி. 1802ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூர் தண்டுப் பகுதியில் குடியேறியிருந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் அந்தக் குறிப்பைப் படித்து, 1873ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற பொன்னடுக்கு அகப்பட்டது. அதன்பின் எல்லாம் வேகம்தான்: 1894ல் ரயில், 1902ல் சிவசமுத்திரம் காவிரி அருவியிலிருந்து 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து மின்சாரம். பெங்களூர் நகரத்துக்கே விளக்கு எரியாத காலத்தில் தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது.

மண்வெட்டி பிடிக்க ஆள் எங்கிருந்து வந்தது? 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வட தமிழகத்தைச் சூறையாடி முடித்திருந்தது. வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளில் பண்ணைக்கு அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பங்களுக்கு, நடந்தே போகும் தூரத்தில் ரொக்கக் கூலி கொடுக்கும் ஓர் இடம் திறந்தது. மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் ஆள் பிடித்தார்கள். அவர்கள் கூப்பிடாமலே வந்தவர்களும் ஏராளம். சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். தரையடி வேலையில் மிகப் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட தமிழர்கள்; அதிலும் பறையர் என்று பதியப்பட்டவர்களே அதிகம்.

அவர்கள் வாழ்ந்த ‘லைன்’ வீடுகள் மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறைகள். அங்கே ஆண்டின் பாதி நாள் தூசி, மீதி நாள் சேறு. சங்கு ஊதினால் ஷிப்ட். கையில் எண் பொறித்த பித்தளை வில்லை. கம்பெனிக்கு அந்த எண்தான் ஆள். கூண்டில் ஏறி இறங்கினால், ஆழம் கூடக் கூடப் பாறையே கொதிக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் வரை போயிற்று. அந்த ஆழத்துப் பாறையைக் கையால் தொட முடியாது, குளிர்ந்த காற்றை அடித்துக்கொண்டே இருந்தால்தான் மனிதன் நிற்க முடியும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதைத் தொழிலாளர்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். மேலே லைனில் சமைத்துக்கொண்டிருப்பவர்களின் பாத்திரங்கள் அதிரும். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை தெருவே வாசலில் நிற்கும். வெடிக்குத் தப்பியவர்களைக் கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்லக் கொன்றது.

வேலை முடிந்து மேலே வந்தால் தங்கம் திருடியிருப்பானோ என்று சோதனை. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ஊரிகத்தில் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. தங்கவயலைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொண்டாடினார்கள். தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1926லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் தங்கவயல் மைசூர் சமஸ்தானத்துப் பூமி. அங்கே தொழிற்சங்கத்துக்குச் சட்டப்படி இடம் கிடைக்க 1940கள் பிறக்க வேண்டியிருந்தது. கூடி உட்கார ஒரே வழி, கோயில், மதம், படிப்பகம் என்ற பெயரில் கூடுவதுதான்.

இங்கே தர்பர், அங்கே மாரிகுப்பம்

இர்விங்கிலிருந்து ஃபோர்ட் வொர்த் வழியாக நெடுஞ்சாலை 20ல் மேற்கே போனால், 1908ல் கட்டிய உயரமான செங்கல் புகைபோக்கி ஒன்று தன்னந்தனியாக நிற்கும். அதுதான் தர்பர். ஒரு காலத்தில் எட்டாயிரத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நிலக்கரி நகரம். இன்று மிகச் சிலரே வசிக்கிறார்கள். 1888ல் ஒரு கம்பெனி சுரங்கத்தை வாங்கியது. ஊர் முழுவதும் கம்பெனியுடையது: வீடு, கடை, பள்ளி, மதுக்கடை எல்லாமே. சுற்றிலும் முள்கம்பி வேலி. கூலிக்குப் பதில் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் சீட்டு. இத்தாலியர், போலந்துக்காரர், மெக்சிகோக்காரர் என்று பல தேசத்தவர். இத்தாலியருக்கு ஒரு குன்று, போலந்துக்காரருக்கு இன்னொரு குன்று. இதே காலத்தில் இத்தாலியத் தொழிலாளர்கள் கோலாருக்கும் வந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. உலகத்துச் சுரங்கங்களெல்லாம் ஒரே சந்தையில் ஆள் எடுத்த காலம் அது.

அமெரிக்கச் சுரங்க ஊர்களின் உயிர்நாடி, ‘லாட்ஜ்’ என்று இங்கே வழங்கும் சகோதர சங்கங்கள். ஃப்ரீமேசன், ஆட் ஃபெலோஸ், நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் என்று பல பெயர்கள். உறுதிமொழி, சடங்கு, அங்கி, இரகசியக் கைகுலுக்கல் எல்லாம் உண்டு. அவை மேல்பூச்சு. உள்ளே இருந்தது மாதச் சந்தா. உறுப்பினர் நோயில் விழுந்தால் வாரப்படி, இறந்தால் அடக்கச் செலவு, விதவைக்கு ஒரு தொகை. காப்பீட்டுக் கம்பெனி சுரங்கத் தொழிலாளியைக் கிட்டச் சேர்க்காது. டெக்சாஸில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1913ல்தான் வந்தது. அதுவரை செத்தவனைப் புதைக்க இந்தச் சங்கத்தை விட்டால் நாதியில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ராஸ்லின் என்ற சின்ன நிலக்கரி ஊரின் மலைச்சரிவில் 25 இடுகாடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பலவும் ஏதாவதொரு சங்கத்துக்கோ ஒரு தேசத்தவருக்கோ உரியவை. யாருடைய பக்கத்தில் புதைக்கப்படுவோம் என்பதுகூடச் சந்தா ரசீதில் அடங்கியிருந்தது.

தொழிற்சங்கமே இந்த மடியில் வளர்ந்த குழந்தைதான். 1869ல் பிலடெல்பியாவில் தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ முதல் பத்தாண்டு காலம் சடங்குகளோடு கூடிய இரகசியச் சங்கமாகவே இருந்தது. 1888ல் தர்பர் தொழிலாளர்களுக்கும் கம்பெனிக்கும் மூண்ட சண்டையில் நின்றவர்கள் இந்த அமைப்பினர்தான். அன்று தோற்றார்கள். 1903ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறி வென்றார்கள்; தர்பர் முழுக்க முழுக்கத் தொழிற்சங்க ஊராயிற்று.

லாட்ஜ்களின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை வெள்ளையருக்கு மட்டும். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் 1775ல் ஃப்ரீமேசன் ஆனார். உள்ளூர் மேசன்கள் ஏற்காததால் இங்கிலாந்துக்கு எழுதி 1784ல் தனிச் சாசனம் பெற்றார். 1843ல் பீட்டர் ஆக்டன் என்ற கறுப்பின மாலுமி கறுப்பர்களுக்கான ஆட் ஃபெலோஸ் சங்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்துதான் சாசனம் வாங்கிவந்தார். சொந்த ஊர் சகோதரன் என்று சொல்ல மறுக்கும்போது, கடல் கடந்து போய் அந்தச் சொல்லுக்கு உரிமை வாங்கிவருவது ஒரு வழி.

அயோத்திதாசர் செய்ததும் அதுவே. 1898ல் அவர் கொழும்புக்குப் போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். கூட்டிப்போனவர் கர்னல் ஆல்காட்: நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கர், பிரம்மஞான சபையின் தலைவர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குச் சென்னையில் பள்ளிகள் திறந்தவர். ஆல்காட் ஒரு ஃப்ரீமேசன். பிரம்மஞான சபையின் கிளைகளுக்கே லாட்ஜ் என்றுதான் பெயர். கிளை, சந்தா, பொறுப்பாளர், ஆண்டறிக்கை என்ற அந்த அமைப்பு முறையின் சாயல், சாக்கைய சங்கத்திலும் அதன் மாரிகுப்பம் கிளையிலும் தெரிகிறது. பண்டிதர் அதில் ஊற்றிய சரக்கு மட்டும் முற்றிலும் இந்த மண்ணுடையது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

பண்டிதர் சொன்னது இதுதான்: பறையர் என்று இழிவு செய்யப்படுகிறவர்கள் ஆதியில் பௌத்தர்கள், இந்த மண்ணின் பூர்வ குடிகள்; பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது அவர்களும் வீழ்த்தப்பட்டார்கள். ஆகவே அவர்கள் புதிதாக மதம் மாற வேண்டியதில்லை, தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பினால் போதும். வரலாற்று ஆய்வாளர்கள் இதன் ஒவ்வொரு சான்றையும் ஏற்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாளெல்லாம் ஓர் எண்ணாக நடத்தப்பட்ட மனிதன் ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து இதைக் கேட்கும்போது அவன் முதுகெலும்பில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

கூட்டம் பஞ்சசீலத்தோடு தொடங்கும். பிறகு சொற்பொழிவு, அதன்பின் கேள்வி. திருக்குறளும் மணிமேகலையும் பௌத்த நூல்களாகப் பேசப்பட்டன. போகி, கார்த்திகை, தீபாவளிக்குப் பண்டிதர் கொடுத்த பௌத்த விளக்கங்கள் அலசப்பட்டன. சென்னையிலிருந்து பண்டிதரே வந்து பேசியிருக்கிறார். ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற ஆங்கில நூலை அதே 1907ல் வெளியிட்ட பேராசிரியர் பி.லட்சுமி நரசுவும் இந்த வட்டாரத்துக்கு நெருக்கமானவர். பௌதிகப் பேராசிரியரும் பாறை துளைப்பவரும் ஒரே அமைப்பில் சேர்ந்து இயங்கிய இடம் அன்றைய இந்தியாவில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

சங்கத்தின் அசல் பலம் கூட்டத்தைவிட வீட்டுக் காரியங்களில்தான் தெரிந்தது. கல்யாணம், பெயர்சூட்டல், சாவு மூன்றையும் அது தன் கையில் எடுத்துக்கொண்டது. புரோகிதர் இல்லாமல் சங்கத்தாரே பௌத்த முறைப்படி மணம் நடத்தினார்கள். குழந்தைகளுக்குக் கௌதமன், சித்தார்த்தன், மாயாதேவி என்று பெயர் விழுந்தது. பிறந்த ஊரில் பெயரின் கடைசியில் மரியாதை விகுதி வைக்கக்கூட அனுமதியில்லாத குடும்பங்கள் இவை. ஐந்தாவது சீலம் மதுவை விலக்கச் சொல்கிறது; சம்பள நாளன்று சாராயக்கடை வாங்கிக்கொள்ளும் கூலியை வீட்டுக்குத் திருப்புவது அந்த லைன்களில் சாதாரண வேலையல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போது மதம் என்ற இடத்தில் பௌத்தர் என்று பதியுங்கள் என ‘தமிழன்’ 1911ஐ ஒட்டி இடைவிடாமல் எழுதியது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் கணக்கெடுப்பாளரிடம் வாதாட வேண்டியிருந்தது. அந்த வாதத்தைச் சொல்லித்தந்ததும் சங்கம்தான்.

கிளைகள் பெருகின. பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், திருப்பத்தூர் என்று ரயிலும் ராணுவமும் தொழிலும் தமிழர்களைக் கொண்டுபோன இடங்களிலெல்லாம் பெருகின. கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்க நேட்டாலிலும் ‘தமிழன்’ படிக்கப்பட்டது. 1916ல் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் வந்தது. கிராமத்தை விட்டுவிட்டு, கூலிக்காரர்கள் குடியேறிய ஊர்களின் வழியாகவே இந்த இயக்கம் பரவியது. ரொக்கக் கூலி கையில் இருந்தால்தான் பண்டிதருக்குச் சந்தா அனுப்ப முடியும். பண்ணையாரின் களத்தில் நெல் அளந்து வாங்குகிறவர்களுக்கு அது முடியாது.

பத்திரிகை இடம் மாறியது

1914 மே 5ஆம் தேதி அயோத்திதாசர் காலமானார். திருக்குறளுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த உரை பாதியில் நின்றது. மகன் பட்டாபிராமன் சில காலம் பத்திரிகையைத் தள்ளிக்கொண்டு போனார், பிறகு நின்றுவிட்டது. ஓர் ஆளுமையைச் சுற்றி எழுந்த அமைப்புகள் அத்தோடு முடிந்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் அதை நடக்கவிடவில்லை.

1926ல் ‘தமிழன்’ மறுபடி வந்தது. இந்த முறை சென்னையிலிருந்து அல்ல, கோலார் தங்கவயலிலிருந்தே. ஆசிரியர் ஜி.அப்பாதுரையார். 1934 வரை நடந்தது. சுயமரியாதை இயக்கம் எழுந்துவந்த ஆண்டுகள் அவை. பெரியாரின் குரலுக்குத் தங்கவயலில் தயாராக ஒரு செவி இருந்ததற்கு, இருபது ஆண்டுகள் புரோகிதரில்லாக் கல்யாணம் நடத்திப் பழகிய இந்தச் சங்கம் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. பத்திரிகையோடு சித்தார்த்தா புத்தகசாலையும் வளர்ந்தது. பண்டிதரின் ‘இந்திரர் தேச சரித்திரம்’ முதலான நூல்களும் சிறுநூல்களும் தங்கவயலில் மறுபதிப்பாகி, 1950கள் வரை வந்துகொண்டிருந்தன. சென்னை அவரை ஏறக்குறைய மறந்துவிட்ட காலம் அது. தமிழ் இதழியல் வரலாறுகளிலும் திராவிட இயக்க வரலாறுகளிலும் அவர் பெயர் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத காலம். அப்போதெல்லாம் அச்சுக்கூலி கொடுத்து அவர் எழுத்தை உயிரோடு வைத்திருந்தது, கல்தூசியை மூச்சாக இழுத்தவர்கள் தந்த காசு.

1999ல் ஞான.அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதற்கு மூலமாக இருந்தவை, அன்பு பொன்னோவியம் கட்டிக்காத்துவந்த பழைய ‘தமிழன்’ இதழ்கள். அதற்கப்புறம்தான் ராஜ் கௌதமன், டி.தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் என்று ஒரு தலைமுறை ஆய்வே கிளைத்தது. இப்போது கிண்டியில் பண்டிதருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்துச் சுவரில் மாரிகுப்பத்தின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது நியாயம்.

எல்லை எங்கே நின்றது

அன்போடு எழுதுகிறேன் என்பதற்காகக் குறையை மூடக் கூடாது. பண்டிதரின் சகோதரத்துவத்துக்கு ஒரு வேலி இருந்தது. அருந்ததியர், தோட்டி வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள், குறவர் முதலானோரைப் பறையரோடு சேர்த்து ஒரே பிரிவாக எண்ணுவதை அவர் எதிர்த்து எழுதினார். பூர்வ பௌத்தர் என்ற பெருமையைக் கட்ட, இன்னும் கீழே தள்ளப்பட்டவர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது போலும். தங்கவயலின் துப்புரவுப் பணியில் இருந்தவர்களும் சுரங்கத்தை நம்பி வந்தவர்களே. அவர்களுக்கு இந்தப் பந்தியில் இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க லாட்ஜ் நிறத்தில் நின்ற இடத்தில் நம் சங்கம் உட்சாதியில் நின்றது. இன்று அயோத்திதாசரைக் கொண்டாடும் ஒவ்வொரு மேடையும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மதச் சீர்திருத்தம் பேசிய சங்கம் கூலியைப் பற்றிப் பேசியதா? நேரடியாக அதிகமில்லை. ஆனால் 1930ல் நடந்ததைப் பாருங்கள். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முடிவெடுத்தது. குற்றவாளிகளிடம் செய்வதை எங்களிடம் செய்வதா என்று ஆயிரமாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சட்டபூர்வமான தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத காலம். கூலி உயர்வு அல்ல, மானம்தான் வேலைநிறுத்தத்தின் காரணம். மானத்தைப் பற்றி இருபத்து மூன்று ஆண்டுகள் வாராவாரம் பேசிய ஓர் இடம் அந்த ஊரில் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. பிறகு 1940களில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், தொழிற்சங்கம் வந்தது, 1946 நவம்பர் 4ல் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

பௌத்தத்தின் கதையும் தொடர்ந்தது. நரசுவின் நூலை 1948ல் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14ல் நாக்பூரில் அவர் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியபோது, மாரிகுப்பத்தின் வயதான உறுப்பினர்களுக்கு அந்தச் செய்தி அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆமோதிப்பாகத்தான் கேட்டிருக்கும். இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம்.ஆறுமுகத்தைத் தங்கவயல் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இந்த மரபின் விளைச்சலே.

சுரங்கம் 1956ல் அரசுடைமையானது. 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் மாறியது. 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் போயிற்று. சயனைடு மண் குவிந்த சாம்பல் நிற மலைகள் மிச்சம். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ரயில்கள் இப்போது பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பி வழிகின்றன. தர்பர் வேறு விதமாக முடிந்தது. 1917ல் அந்தக் கம்பெனியே பக்கத்து ரேஞ்சரில் எண்ணெய் கண்டுபிடித்தது. ரயில் இன்ஜின்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. 1930களில் கம்பெனி வீடுகளைக்கூடப் பெயர்த்து விற்றுவிட்டது. கோலாரில் கம்பெனி போயிற்று, மக்கள் இருக்கிறார்கள். தர்பரில் மக்களும் அநேகமாக இல்லை.

இர்விங்கின் லாஸ் கொலினாஸ், வேலி ராஞ்ச் பக்கங்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் இல்லாத அடுக்ககம் அரிது. விசாவில் வந்த இளைஞர் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், உடலை ஊருக்கு அனுப்ப இரவோடிரவாக நிதி திரட்டுவது வாட்ஸ்அப் குழுக்களும் இங்குள்ள சங்கங்களும்தான். ராஸ்லினில் சந்தா ரசீது செய்த வேலை அது. யாரைச் சேர்க்கிறோம், யாரைச் சத்தமில்லாமல் விடுகிறோம் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. 2023ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்ய நேர்ந்ததே அதற்குச் சாட்சி.

தர்பரில் டார்ல்டன் பல்கலைக்கழகம் ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது. கடைச் சீட்டு, சுரங்க விளக்கு, வாழ்ந்தவர்களின் வாய்மொழி எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அநேகமாக ஆளில்லாத ஊருக்கு அந்த மரியாதை. மாரிகுப்பத்துச் சங்கத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அரசு கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். கோலாரில் வேர் உள்ள குடும்பங்கள் பெங்களூரில், சென்னையில், இங்கே டெக்சாஸில் இருக்கக் கூடும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சங்கத்துச் சந்தா ரசீது, பௌத்த முறைத் திருமண அழைப்பிதழ், சித்தார்த்தா புத்தகசாலைச் சிறுநூல், பித்தளை வில்லை என்று எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெளிவாகப் படமெடுத்து, பின்புறத்து எழுத்தையும் சேர்த்து எடுத்து, யாருடையது, எந்த லைன், எந்த ஆண்டு என்று எழுதிச் சேர்த்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். அவருடைய கல்யாணத்தை யார் நடத்திவைத்தார்கள், கூட்டத்தில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், அவர்கள் எழுந்து பேசினார்களா என்று கேளுங்கள். சங்கத்தின் வரலாற்றில் இதுவரை மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கும் பக்கம் அதுதான்.